ஓடு கழற்றும் நாளும் ஒட்டி வாழும் உயிர்களும்

மன்னார்க் கடலில் பிடிபட்ட சிங்கி இறால் வாடிக்கு வந்ததும் எல்லோரும் பார்ப்பது மூன்று விடயங்களை: எடை என்ன, உயிர் இருக்கிறதா, மீசை முறியாமல் இருக்கிறதா. விலை அதில்தான் நிற்கிறது. முதுகில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பொருக்கையோ, ஓட்டைத் திறக்கும்போது செவுளில் தொங்கும் சிறு முளைகளையோ யாரும் பெரிதாக எடுப்பதில்லை. அழுக்கு என்று சுரண்டி எறிந்துவிடுகிறோம். அந்தப் பொருக்கும் முளையும் தனித்தனி விலங்குகள். வாயும் வயிறும் முட்டையும் குஞ்சும் உள்ளவை. இறால் ஒன்றையே உலகமாகக் கொண்டு வாழ்பவை.

நானாட்டான் பிரதேசத்தில் வங்காலையை அடுத்திருக்கும் நறுவிலிக்குளம் தொடங்கி, தெற்கே அரிப்பு, சிலாவத்துறை வரையுள்ள கரையில் கடலோடு பழகியவர்களுக்கு இந்த உயிர்களில் சிலவற்றின் முகம் தெரிந்திருக்கும். அவற்றின் கதை தெரிந்திருக்க வாய்ப்புக் குறைவு. பாடப்புத்தகம் இந்த உறவுகளை மூன்றாகப் பிரித்துச் சொல்கிறது. இரண்டுக்கும் நன்மை என்றால் ஒன்றுக்கொன்று துணை. ஒன்றுக்கு நன்மை, மற்றதற்குக் கேடில்லை என்றால் ஓரட்டிலுண்ணல். ஒன்றுக்கு நன்மை, மற்றதற்குக் கேடு என்றால் ஒட்டுண்ணி வாழ்வு. பரீட்சைக்கு இது போதும். கடலில் பார்த்தால் இந்த மூன்று பெட்டிக்குள் பல உயிர்கள் அடங்குவதில்லை. அவற்றைப் புரிந்துகொள்ள முதலில் கேட்கவேண்டிய கேள்வி வேறு என்பது என் எண்ணம்: இறால் ஓடு கழற்றும் நாளில் இந்த உயிர் என்ன செய்கிறது?

இலங்கைக் கடலில் பனுலிரஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த சிங்கி இறால்கள் ஆறு இனங்கள் உள்ளன. கற்பாரில் அதிகம் அகப்படும் பனுலிரஸ் ஹோமாரஸ், பெரிதாக வளரும் பனுலிரஸ் ஓர்னேற்றஸ், பச்சை உடலில் வெள்ளைப் பட்டை போட்ட பனுலிரஸ் வேர்சிகலர் ஆகியவை அவற்றுள் சில. இவை எதற்கும் நண்டுக்கு இருப்பது போன்ற பெரிய கடிகால் இல்லை. முள் நிறைந்த ஓடும் தடித்த மீசையும்தான் ஆயுதம். அந்த ஓடு விரிந்து கொடுக்காது. ஆகையால் உடல் வளரவேண்டுமானால் ஓட்டைக் கழற்றியே ஆகவேண்டும். குஞ்சுப் பருவத்தில் சில வாரங்களுக்கு ஒருமுறை கழற்றும், முதிர்ந்தபின் ஆண்டுக்குச் சில தடவைதான்.

கழற்றுவது என்றால் மேல்தோடு மட்டும் போவதில்லை. முதுகோட்டுக்கும் வாலுக்கும் இடையிலுள்ள மெல்லிய சவ்வு பிளக்க, இறால் அதன் வழியே பின்வாங்கி வெளியே வருகிறது. கண்ணை மூடியிருந்த மெல்லோடு, மீசையின் உறை, இரைப்பையின் உள்ளே அரைக்கும் பற்கள், செவுளின் ஒவ்வொரு இழையையும் போர்த்தியிருந்த மெல்லிய தோல் எல்லாம் பழைய ஓட்டோடு போய்விடும். பாறை இடுக்கில் கிடக்கும் கழற்றிய ஓட்டை எடுத்துப் பார்த்தால், ஒரு முழு இறால் கண்முன் இருப்பது போலவே தோன்றும். அந்த ஓட்டில் எங்கே ஒட்டியிருந்தாலும், வெளியிலோ உள்ளிலோ, ஒட்டியிருந்த உயிருக்கு அன்றோடு முடிவு. இறாலின் மேல் வாழ முனையும் எந்தச் சிறு விலங்கும் இந்த நாளுக்கு ஒரு வழி கண்டுபிடித்தே ஆகவேண்டும்.

முதலில் செவுளில் தொங்கும் முளைகள். எங்கள் பக்கம் மீனின் செவுளைப் பூ என்போம், பூவின் சிவப்பைப் பார்த்துத்தான் மீன் வாங்குவோம். இறாலின் பூ முதுகோட்டின் இரு பக்கத்திலும் மறைந்திருக்கிறது. காலடியில் உள்ள இடைவெளிகளால் நீர் உள்ளே புகுந்து, பூக்களின் மேல் ஓடி, வாய்ப் பக்கமாக வெளியேறும். வாயருகில் உள்ள ஒரு தகடு ஓயாமல் அசைந்து அந்த நீரை இறைத்துக்கொண்டிருக்கிறது. நிழல், பாதுகாப்பு, நிற்காத நீரோட்டம், அதில் மிதந்து வரும் நுண்ணுணவு எல்லாம் ஒரே அறையில் கிடைக்கின்றன. ஒக்டோலாஸ்மிஸ் என்ற கொட்டலசு அங்கே குடியேறுகிறது.

கொட்டலசு என்றதும் படகின் அடியிலும் பாறையிலும் ஒட்டிக் காலைக் கீறும் கூம்பு ஓடுகள்தான் நினைவுக்கு வரும். ஒக்டோலாஸ்மிஸ் அந்தக் குடும்பம்தான். ஆனால் இதற்குக் காம்பு உண்டு. காம்பின் அடியால் ஒட்டிக்கொண்டு, நுனியிலுள்ள தலையிலிருந்து இறகு போன்ற கால்களை நீட்டி நீரில் வருவதை அரித்து உண்ணும். நண்டும் இறாலும் எந்தப் பெரும் வகுப்போ அந்த வகுப்பில்தான் கொட்டலசும் சேரும். ஒரு உறவினனின் மூச்சறையில் இன்னொரு உறவினன் வாழ்கிறான் என்று சொல்லலாம். எல்லா இனமும் ஒரே இடத்தில் ஒட்டுவதும் இல்லை. ஒக்டோலாஸ்மிஸ் வார்விக்கி வெளி ஓட்டை விரும்பும். ஒக்டோலாஸ்மிஸ் கோர், ஒக்டோலாஸ்மிஸ் அங்குலாற்றா இரண்டும் செவுளைத் தேடிப் போகும். சிங்கப்பூரைச் சுற்றியுள்ள கடல்களில் ஜெஃப்ரிஸ், வோரிஸ், யாங் என்ற ஆய்வாளர்கள் 1980களில் சேற்று நண்டிலும் தட்டைத்தலை இறாலிலும் இவற்றை இடம் இடமாகப் பிரித்துப் பதிந்தார்கள். அந்தத் தட்டைத்தலை இறாலின் நெருங்கிய உறவு மன்னார் வளைகுடாவிலும் இழுவை மடியில் ஏறுகிறது. நீண்ட மீசைக்குப் பதிலாக அகப்பை போன்ற தகடுகள் நெற்றியில் இருக்கும், பார்த்தவுடன் தெரியும்.

இது இறாலுக்குக் கேடா? நாலைந்து ஒட்டியிருந்தால் இறாலுக்கு ஒன்றும் ஆவதில்லை. நூற்றுக்கணக்கில் சேர்ந்துவிட்டால் பூவின் மேல் ஓடவேண்டிய நீரை அவை மறிக்கும். அமெரிக்க நீல நண்டில் செய்த ஆய்வில், செவுள் நிறைய ஒக்டோலாஸ்மிஸ் சுமந்த நண்டுகள் நீரை வேகமாக இறைத்து, இதயத்தையும் வேகமாக அடித்து அந்தக் குறையை ஈடுசெய்தன. உழைப்பைக் கூட்டி உயிர் தாங்கின. அதே உயிர் குறைவாக இருக்கும்போது ஓரட்டிலுண்ணி, பெருகியபின் ஒட்டுண்ணிக்குக் கிட்ட வந்துவிடுகிறது. பாடப்புத்தகப் பெட்டி போதாது என்று நான் சொன்னது இதனால்தான்.

இறாலும் சும்மா இருப்பதில்லை. கால்களின் அடியிலுள்ள மயிர்த் தூரிகைகள், கால் அசையும் ஒவ்வொரு முறையும் செவுளின் இடையே உரசி வண்டலை அகற்றுகின்றன. இடைக்கிடை நீரோட்டத்தைச் சட்டென்று எதிர்த்திசைக்குத் திருப்பி அறையைக் கழுவுவதும் உண்டு. ஆனாலும் முழுத் துப்புரவு ஓடு கழற்றும் நாளில்தான் கிடைக்கிறது. ஒக்டோலாஸ்மிஸின் வழி இதற்கேற்ப அமைந்திருக்கிறது. வேகமாக வளர்ந்து, இரு பால் உறுப்பும் ஒரே உடலில் கொண்டு, அக்கம்பக்கத்தானோடு கூடி, அடுத்த கழற்றலுக்கு முன் குடம்பிகளை நீரில் விட்டுவிட வேண்டும். சேற்று நண்டில் இன்னொரு தந்திரமும் காணப்பட்டது. ஒட்ட இடம் தேடும் குடம்பிகள் நண்டின் மேலேயே காத்திருந்து, அது பழைய ஓட்டை விட்டு வெளியே வந்தவுடன் இன்னும் இறுகாத புது ஓட்டுக்குத் தாவிவிடுகின்றன. புது ஓட்டில் முதலில் ஒட்டுபவனுக்கு முழுக் காலமும் கிடைக்கும்.

வாங்கிய இறாலில் இவற்றைக் கண்டு பயப்படவேண்டியதில்லை. கழுவி, செவுளை அகற்றி, நன்றாக வேகவைத்த இறாலில் இவற்றால் மனிதருக்குத் தீங்கு வராது.

இதே கொட்டலசுக் குலத்தில் ஒரு கொடிய கிளை உண்டு. நீந்தும் நண்டின் வயிற்று மடிப்பின் கீழ், முட்டை இருக்கவேண்டிய இடத்தில், மஞ்சள் நிறமாக ஒரு பை புடைத்திருப்பதைச் சில நண்டுகளில் காணலாம். அது முட்டையல்ல, சக்குலினா என்ற உயிரின் இனப்பை. ஓடும் காலும் வாயும் இல்லாத இந்தக் கொட்டலசு, நண்டின் உடலுக்குள் வேர் வேராகப் பரவி அதன் உணவை உறிஞ்சுகிறது. நண்டு மலடாகிறது. ஆண் நண்டின் வயிற்று மடிப்புக்கூட பெண் நண்டினது போல அகன்றுவிடும். ஓடு கழற்றும் நாளுக்கு சக்குலினா கண்ட வழி எல்லாவற்றிலும் கடுமையானது. பை வெளியே வந்தபின் அந்த நண்டு ஓடு கழற்றுவதையே நிறுத்திவிடுகிறது. வளர்ச்சியும் அத்தோடு நின்றுபோகிறது.

ஓடு கழற்றாத விலங்கில் குடியிருப்பவருக்கு இந்தச் சிக்கலே இல்லை. அதற்கு எடுத்துக்காட்டு இதே கடலில், அரிப்புக்கும் சிலாவத்துறைக்கும் எதிரே உள்ள முத்துப் பார்களில் இருக்கிறது. முத்துச்சிப்பி தன் ஓட்டை விளிம்பில் சேர்த்துச் சேர்த்துப் பெரிதாக்கும், ஒருபோதும் கழற்றாது. ஆகவே சிப்பிக்குள் புகுந்த பட்டாணி நண்டுப் பெண் தன் வாழ்நாளை அங்கேயே கழித்துவிடலாம். வெளியுலக ஆபத்து இல்லாததால் அதன் சொந்த ஓடுகூட மென்மையாகவே இருக்கும். சில சிறு இறால்களும் இப்படிச் சிப்பிக்குள் வாழ்கின்றன.

மன்னார் முத்துப் பார்கள் ஏன் சில ஆண்டுகளில் செழித்தும் சில ஆண்டுகளில் வெறுமையாகவும் கிடக்கின்றன என்று ஆராய, அன்றைய ஆங்கில அரசு வில்லியம் ஹேர்ட்மன் என்ற விலங்கியல் பேராசிரியரை 1902இல் இலங்கைக்கு அழைத்தது. அவருடன் வந்த ஜேம்ஸ் ஹோர்னெல் இங்கேயே தங்கி ஆய்வைத் தொடர்ந்தார். 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்த அவர்களது அறிக்கை முத்தைப் பற்றிய நூலாக மட்டும் நிற்கவில்லை. மன்னார் வளைகுடாவின் கடற்பஞ்சு, புழு, நண்டு, இறால், சிப்பிக்குள் சிப்பி என்று அந்தக் கடலின் சிறு உயிர்களுக்கான முதல் பெரும் பதிவாகவும் அமைந்தது. சிப்பியின் தசைக்குள் உறை கட்டிக் கிடக்கும் நாடாப்புழுக் குடம்பிதான் முத்து உருவாகக் காரணம் என்று அவர்கள் நம்பினார்கள். அந்தக் குடம்பி சிப்பிக்குள் காத்திருக்கும். சிப்பியைத் திருக்கை கடித்து உண்டால், திருக்கையின் குடலில் முழுப் புழுவாகும். புழு இருப்பது மெய். முத்துக்கு அது காரணம் என்பதைப் பின்வந்த ஆய்வுகள் ஏற்கவில்லை. சிப்பியின் போர்வைத் தசையிலிருந்து ஓடு சுரக்கும் கலங்கள் காயத்தாலோ வேறு காரணத்தாலோ உள்ளே தள்ளப்பட்டு, அங்கே பை கட்டி முத்துப் பொருளைச் சுரக்கின்றன என்பதே இன்றைய விளக்கம். கருத்து மாறினாலும், ஒரு பெரிய தொழிலின் ஏற்ற இறக்கத்தை விளங்கிக்கொள்ள இவ்வளவு சிறிய உயிர்களைக் கூர்ந்து பார்க்கவேண்டும் என்று அவர்கள் துணிந்தது பெரிய காரியம் என்று நினைக்கிறேன்.

அப்படிக் கூர்ந்து பார்த்ததில் கிடைத்த மிகப் பெரிய வியப்பு ஐரோப்பாவின் வடக்குக் கடலிலிருந்து வந்தது. நோர்வே இறால் என்பது கடிகால் உள்ள, ஒல்லியான, ஐரோப்பியர் விரும்பி உண்ணும் இறால். எங்கள் சிங்கி இறாலின் குடும்பம் வேறு. அதன் வாயைச் சுற்றியுள்ள மயிர்களில் வெண்புள்ளிகள் போல ஏதோ ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றரில் மூன்றில் ஒரு பங்கு நீளம்தான். டென்மார்க்கின் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் ஃபுங்க், ரைன்ஹார்ட் கிறிஸ்டென்சன் இருவரும் 1995இல் அதற்கு சிம்பியோன் பண்டோரா என்று பெயரிட்டார்கள். அறியப்பட்ட எந்த விலங்குக் கணத்திலும் அதைச் சேர்க்க முடியவில்லை. கணம் என்பது விலங்குலகின் மிகப் பெரிய பிரிவு. மீனும் பறவையும் மனிதனும் ஒரே கணம். பூச்சியும் நண்டும் இறாலும் ஒரே கணம். சந்தையில் நாள்தோறும் விற்கும் இறாலின் உதட்டில் இருந்த ஒரு புள்ளிக்கு ஒரு புதிய கணத்தையே உருவாக்க வேண்டியிருந்தது. சைக்கிளியோபோரா என்று அதற்குப் பெயர். இதே கிறிஸ்டென்சன் 1983இலும் 2000இலும் வேறு இரண்டு நுண்விலங்குக் கூட்டங்களை உலகுக்கு அறிமுகப்படுத்தியவர். ஒரு மனிதரின் வாழ்நாளில் இப்படி மூன்று என்பது விலங்கியலில் மிக அரிது.

சிம்பியோன் வாழும் விதம் எளிமையானது. அடியிலுள்ள தட்டால் மயிரில் ஒட்டிக்கொள்கிறது. இறால் சாப்பிடும்போது சிதறும் துகள்களை, வாயைச் சுற்றியுள்ள மயிரிழை வளையத்தால் உள்ளே இழுத்துக்கொள்கிறது. இறாலுக்கு இதனால் நட்டமில்லை. ஆனால் அதன் பிறப்புச் சுற்று நான் படித்தவற்றிலேயே மிகச் சிக்கலான ஒன்று. நல்ல காலத்தில் ஆணும் பெண்ணும் இல்லாமலே உடலுக்குள் மொட்டு விட்டுக் குடம்பிகளை உண்டாக்குகிறது. அவை வெளியே வந்து அதே இறாலில் பக்கத்திலேயே ஒட்டி வளரும். தன் குடலும் வாயும் தேய்ந்துபோனால் உள்ளிருந்து புதியவற்றை வளர்த்து மாற்றிக்கொள்ளவும் செய்யும்.

ஓடு கழற்றும் காலம் நெருங்கும்போது ஆண், பெண் உயிர்கள் உருவாகத் தொடங்குகின்றன. ஆணைத் தாங்கிய ஒரு குடம்பி, உள்ளே பெண்ணைச் சுமக்கும் உயிரைத் தேடிப் போய் அதன் மேல் ஒட்டிக்கொள்கிறது. அந்தக் குடம்பிக்குள் குட்டை ஆண்கள் உருவாகின்றன. ஒரு ஆணின் உடலில் இருப்பவை ஏறக்குறைய 50 கலங்கள்தான். அதற்குள் மூளையும் தசையும் இனவுறுப்பும் உண்டு. கருவுற்ற பெண் வெளியேறி, அதே இறாலில் ஓரிடத்தில் ஒட்டித் தன் உடலையே குஞ்சுக்கு இரையாக்குகிறது. அதிலிருந்து வெளிவரும் குடம்பி நன்றாக நீந்தக் கூடியது. பழைய ஓடு கடலடியில் விழுவதற்குள் அது வேறு இறாலைத் தேடிப் போய்விடுகிறது. 2006இல் அமெரிக்க இறாலில் இன்னொரு இனம் விவரிக்கப்பட்டது. ஐரோப்பாவின் பெரிய நீலநிற இறாலிலும் இதன் உறவு காணப்பட்டிருக்கிறது. சிம்பியோன் இதுவரை பதிவானதெல்லாம் கடிகால் உள்ள வடக்கு இறால்களில்தான்.

ஓடு கழற்றும் நாளைவிட இறாலுக்கு முக்கியமான ஒரு காலம் உண்டு: வயிற்றின் கீழ் முட்டை தாங்கும் காலம். சிங்கி இறால் தாய் பல இலட்சம் முட்டைகளை வால்புறத்தின் நீந்துகால்களில் ஒட்டி, சில வாரங்கள் சுமக்கிறாள். முட்டை முதலில் செம்மஞ்சளாக இருந்து, பொரிக்கும் நாள் நெருங்க மண்ணிறமாகும். தாய் அவற்றை ஓயாமல் அசைத்து நீர் ஊட்டி, துப்புரவு செய்கிறாள். இதற்கென்றே ஒரு கருவி அவளிடம் இருக்கிறது. கடைசி, அதாவது ஐந்தாம் சோடிக் காலின் நுனியில் சின்னக் குறடு ஒன்று. ஆணுக்கு அது இல்லை. அடுத்தமுறை சிங்கி இறாலைக் கையில் எடுத்தால் அந்தக் காலின் நுனியைப் பாருங்கள், ஆணா பெண்ணா என்று உடனே தெரிந்துவிடும்.

அந்தக் குறடு அகற்றவேண்டியவற்றில் ரிப்பன் புழு முதன்மையானது. கார்சினோநெமேர்ட்டிஸ் என்ற இந்தச் சிறு புழு, நண்டு, இறால் முட்டைகளுக்கு நடுவே வாழ்ந்து, ஊசி போன்ற உறுப்பால் முட்டையைக் குத்தி உள்ளிருப்பதை உறிஞ்சும். கலிபோர்னியக் கரையின் சிங்கி இறாலில் வாழும் இனம் ஒன்று 1990இல் விவரிக்கப்பட்டது. அதே கரையில் 1970களின் நடுவில் டஞ்சனஸ் நண்டின் முட்டைகளில் ஏறத்தாழப் பாதியை இப்படியொரு புழு அழித்ததாகக் கணக்கிட்டார்கள். ஓடு கழற்றும் நாளில் இந்தப் புழு ஊர்ந்து பழைய ஓட்டிலிருந்து புதியதற்கு மாறிவிடும். ஆண் நண்டில் இருக்கும் புழு, நண்டுகள் கூடும்போது பெண்ணுக்குப் போய்ச் சேரும். பெண் கூடுவது ஓடு கழற்றியவுடனேதான் என்பதால், புழுவுக்குப் புது ஓடும் வரப்போகும் முட்டையும் ஒரே பயணத்தில் கிடைக்கின்றன.

முட்டைக்கு நடுவே வாழும் எல்லாமே எதிரி என்று எண்ணிவிடக் கூடாது. ஐரோப்பிய இறாலின் செவுளிலும் முட்டையிலும் ஹிஸ்திரியோப்டெல்லா என்ற ஒன்றரை மில்லிமீற்றர் அளவான புழு இரண்டு ஒட்டுக்கால்களில் நடந்து திரிகிறது. பெல்ஜிய விலங்கியலாளர் வான் பெனடன் 1858இல் அதை விவரித்தபோது அட்டை வகை என்று கருதினார். பின்னர் அது கடற்கரை மணலில் தூண்டிலுக்குத் தோண்டும் புழுக்களின் இனம் என்று தெரிந்தது. செவுளிலும் முட்டையிலும் படியும் பக்ரீரியாவையும் நுண்பாசியையும் மேய்வதுதான் அதன் வேலை. தாயின் துப்புரவுப் பணியில் ஒரு பங்கை அது சுமக்கிறது.

முட்டை தாங்கிய சிங்கி இறாலைப் பிடிப்பதை இலங்கையின் கடற்றொழில் ஒழுங்குவிதிகள் தடுக்கின்றன. வலையில் வந்தால் உயிரோடு விடவேண்டும். முட்டையைச் சுரண்டிவிட்டு விற்கும் பழக்கம் உலகின் பல கரைகளில் உண்டு. புழுவும் நோயும் தாண்டி, தாய் வாரக்கணக்கில் கழுவிக் காத்த இலட்சக்கணக்கான உயிர்களை ஒரு நிமிடத்தில் வழித்தெறிவது அது. விலை எதுவானாலும் அதைச் செய்யவே கூடாது.

முட்டையிலிருந்து வெளிவரும் குடம்பி இறால் போலவே இருக்காது. கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் தட்டையான இலை, அதைச் சுற்றி நீண்ட கால்கள். பில்லோசோமா என்று அதற்குப் பெயர். சிங்கி இறாலின் பில்லோசோமா மாதக்கணக்கில் ஆழ்கடலில் மிதக்கிறது. முன்பு சொன்ன தட்டைத்தலை இறாலின் குடும்பத்தில் பலவற்றின் பில்லோசோமா மிதப்பதோடு நிற்காமல் சொறிமுட்டையின் மேல் ஏறிச் சவாரி செய்கிறது. இங்கே உறவு தலைகீழாகிறது. ஒட்டி வாழும் சிறு விலங்கு இப்போது இறால்தான்.

வலையில் வந்த சொறியைத் தொட்டவர்களுக்கு அது எப்படி எரியும் என்று தெரியும். அந்தச் சொறியைத்தான் இந்தக் குடம்பி வாகனமாகவும் உணவாகவும் கொள்கிறது. கால்களால் குடையைப் பற்றிக்கொண்டு, போகும் வழியில் கொட்டும் நூல்களையே கடித்துத் தின்கிறது. யப்பானில் வகபயாஷி முதலான ஆய்வாளர்கள் அந்தக் குடும்பத்தின் ஓர் இனத்தைத் தொட்டியில் வளர்த்து இதைக் கண்டார்கள். சொறியின் நஞ்சூசிகள் குடம்பியின் குடலைக் குத்தாததற்குக் காரணமும் 2016இல் வெளியானது. உண்ட உணவைச் சுற்றிக் குடலுக்குள் ஒரு மெல்லிய சவ்வு சுரக்கிறது. ஊசிகள் அந்தச் சவ்வுக்குள் அடைபட்டபடியே எச்சத்தோடு வெளியேறிவிடுகின்றன. சொறி தேய்ந்து தீர்ந்தால் குடம்பி இன்னொன்றைப் பற்றும். கடைசிக் குடம்பிப் பருவம் முடிந்து ஓடு கழற்றும்போது இலை வடிவம் போய், சிறு இறாலின் வடிவம் வருகிறது. அந்த நிலையில் அது எதையும் உண்பதில்லை. சேமித்த கொழுப்பை எரித்துக்கொண்டு, சொறியை விட்டுத் தானே நீந்திக் கடலடிக்கு இறங்குகிறது.